சிவப்பு மை லீவில் போன வருஷம்

அந்த ஊரில் கார் ஓட்டப் பழகிய யாரிடமும் "சிவப்பு மை" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு உள்ளங்கை வியர்க்கும். மீதிப் பேர் வாயில் கெட்ட வார்த்தை வரும். லைசென்ஸ் ஆபீஸில் டிரைவிங் டெஸ்ட் எடுக்கும் அதிகாரி அவள். பக்கத்து சீட்டில் மடியில் அட்டையோடு உட்கார்ந்திருப்பாள், பேசமாட்டாள், சிரிக்கமாட்டாள். வண்டி குலுங்கினால் சிவப்புப் பேனா மட்டும் கீச்சென்று ஒரு சத்தம் போடும். ஒருமுறை பெரிய மனிதர் ஒருவர், "நான் யாருன்னு தெரியுமா?" என்று எகிறினார். "தெரியும் சார். நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிக்கிறவர்" என்றாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. பார்த்துப் பார்த்து ஒரு பெயரும் வைத்தார்கள். ஆனால் ஒரு துரும்பைக் கூட நகர்த்தாமல், படுத்த இடத்திலிருந்தே கத்திக் கத்தி எல்லோரையும் வேலை வாங்கியதால், வீட்டில் "மேனேஜர்" என்ற பெயர்தான் நிலைத்தது.

முதலில் சொந்தபந்தம் வந்து குவிந்தது. மூக்கு யார் ஜாடை என்று சண்டை போட்டுக்கொண்டார்கள், தூங்குகிற குழந்தையை எழுப்பிப் பார்த்தார்கள், தாயின் எடையைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள், கிளம்பிப் போனார்கள். அதன் பிறகு கதவு மணி அடிக்கவே இல்லை. கணவன் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவன். விடிந்ததும் பட்டறைக்கு ஓடிவிடுவான். மூன்றாம் மாடியில் மிச்சம் இருந்தது அவளும் மேனேஜரும் வாஷிங் மிஷினும்தான்.

ஒரு நாள் சாயங்காலம் கணவன் உள்ளே நுழைந்தபோது அவள் மிஷின் முன்னால் நின்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "இப்படித் தூக்கிப் போடாத. சுத்துறதுக்கு முன்னாடி யோசி."

"யார் கூடப் பேசுற?"

"மிஷின் கூட. அதுதான் இந்த வீட்ல குறுக்கப் பேசாது."

அவன் பையை இறக்கி வைத்தான். "உன்ன மாதிரி கைக்குழந்தையோட வீட்ல கிடக்கிறவங்க ஊர்ல எத்தனையோ பேர் இருப்பாங்க. தேடிப் பாரேன்."

"நான் கூட்டம் சேர்ற ஆள் இல்ல."

"மிஷினோட பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கு" என்றான் அவன்.

கோபத்தில்தான் தேட ஆரம்பித்தாள். முதலில் கிடைத்தது ஒரு வாட்ஸ்அப் குழு. சேர்ந்த அன்றே தேன்கூட்டைக் கலைத்தது போல செய்திகள் வந்து விழுந்தன. காலை வணக்கம் சொல்லும் ரோஜாக்கள், தள்ளுபடியில் டயப்பர், எந்தக் குழந்தை முதலில் குப்புறக் கவிழ்ந்தது என்று போட்டி. மூன்றாம் நாள் மதியம் அவள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், "இந்தக் கலர் நார்மலா?" என்ற கேள்வியோடு ஒரு படம் வந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குழுவை விட்டு வெளியேறினாள்.

அடுத்தது ஒரு ஜிம்மின் மாடியில். வெள்ளைச் சுவர், வெள்ளை மெத்தை, வெள்ளை உடுப்பு போட்ட ஒரு யோகா டீச்சர். தாய்மார்கள் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடி, குழந்தையின் மூச்சைக் "கேட்க" வேண்டுமாம். அத்தனை குழந்தைகளும் பொம்மை போல மடியில் கிடந்தன. எல்லோரும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த அமைதியில் மேனேஜர் வேறொரு சத்தம் போட்டான். சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் எப்படி வந்தது என்று பெற்றவளே அசந்துபோனாள். சத்தத்தோடு சரக்கும் வந்து, வெள்ளை மெத்தையில் தன் கையெழுத்தைப் போட்டது.

"உங்க குழந்தைக்கு எனர்ஜி கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள் டீச்சர், மூக்கைப் பிடிக்காமல் இருக்கப் பாடுபட்டபடி.

"காலையில சாப்பிட்டதும் ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டு அவள் மூட்டையைக் கட்டினாள்.

மூன்றாவதாகத்தான் நூலகம். கீழ்த்தளத்தில், பழைய பத்திரிகைகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில், குழந்தைகளுக்கென்று ஒரு மூலை. செவ்வாய்க்கிழமை காலையில் பெற்றோர்கள் கூடுவார்கள் என்று வாசலில் ஒட்டியிருந்தது. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள். பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ ஒருவர் கையிலிருந்த கிலுகிலுப்பை மட்டும் ஒரு தடவை ஆடி அடங்கியது.

அவள் முகங்களைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் கேக் கடைக்காரி. அவளை இவள் மூன்று முறை ஃபெயில் செய்திருக்கிறாள். ஜன்னல் பக்கம் இரட்டைக் குழந்தைகளோடு ஒரு நர்ஸ், இரண்டு முறை. அங்கிருந்த ஒரே அப்பா, லீவு போட்டுப் பிள்ளை வளர்க்கும் பேங்க்காரர். ஒரு முறை, அதுவும் அளவுக்கு மீறி மெதுவாக ஓட்டியதற்கு. தன்னை நடந்து முந்திக்கொண்டு போனவர்களுக்கு அவர் கையசைத்தது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

"வாங்க மேடம்" என்றாள் கேக் கடைக்காரி. குரலில் ஐஸ் கட்டி மிதந்தது. "வண்டியை அந்த ரெண்டு வண்டிக்கு நடுவுல நிறுத்துங்க. ரிவர்ஸ்ல."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு மை தள்ளுவண்டியைத் திருப்பினாள், பின்னால் தள்ளினாள். சக்கரம் நர்ஸின் வண்டியில் டம்மென்று இடித்தது. இரட்டையர் இருவரும் ஒரே நேரத்தில் வீறிட்டார்கள்.

"இன்னும் பழகணும்" என்றார் பேங்க்காரர், ரொம்பப் பணிவாக.

அன்று அவளிடம் வேறு யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கணவனிடம் பொரிந்து தள்ளினாள். அவன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இனிமே அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேன்" என்று சபதம் போட்டாள். அடுத்த செவ்வாய் போனாள். வேறு போக்கிடம் இல்லை என்பது ஒன்று. விட்டுக்கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை என்பது இன்னொன்று. மூலையில் உட்கார்ந்து, மேனேஜருக்குத் துணிப் புத்தகத்தில் இருந்த யானையை ஏதோ குற்றவாளியைப் போல அடையாளம் காட்டிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே.

பிறகு ஒரு மழை நாள். நூலகத்தில் குழாய் வெடித்து, கீழ்த்தளம் முழங்கால் தண்ணீரில் கிடந்தது. கதவைப் பூட்டிவிட்டார்கள். வாசல் கூரைக்கு அடியில் தள்ளுவண்டிகள் முட்டி மோதிக்கொண்டு நின்றன. குழந்தைகள் ஆளுக்கொரு சுருதியில் அழுதன.

"யார் வீட்டுக்காவது போலாமா?" என்று நர்ஸ் கேட்டாள். எல்லோரும் மழையை ரசிக்க ஆரம்பித்தார்கள். ஏனென்று எல்லோருக்கும் தெரியும். எந்த வீடும் இன்னொருவர் பார்க்கும் நிலையில் இல்லை.

"என் வீடு அடுத்த தெருதான்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்பது சிவப்பு மைக்குக் கொஞ்சம் தாமதமாகவே உறைத்தது.

கதவைத் திறக்கும்போதுதான் வீட்டின் லட்சணம் அவள் கண்ணுக்கும் தெரிந்தது. சோபா முழுக்கத் துவைத்த துணியா துவைக்காத துணியா என்று சொல்ல முடியாத ஒரு மலை. சாப்பாட்டு மேஜையில், கணவன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பல் அச்சுகள் வரிசையாக, ஈயென்று இளித்துக்கொண்டு வரவேற்றன. பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த பேங்க்காரர் ஐயோ என்று பின்வாங்கினார். தயிருக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில், மெழுகில் செய்த முழுப் பல் செட்.

"இது யாருது?"

"தெரியாது. யாரோ ஒரு பெரியவரோடது. வெயில்ல மெழுகு இளகுதுன்னு இங்க வெக்கிறான்."

கேக் கடைக்காரி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். துணி மலையைப் பார்த்தாள். வீட்டுக்காரியின் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு இருப்பதைப் பார்த்தாள். பிறகு துணியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, சோபாவில் தொப்பென்று விழுந்தாள். "அப்பாடா. என் வீடு இதைவிட மோசம். யாருக்கும் காட்டக் கூடாதுன்னு இத்தனை நாள் செத்துட்டிருந்தேன்."

டீ வந்தது. குழந்தைகள் கம்பளத்தில் ஒன்றின் காலை ஒன்று சப்பிக்கொண்டு கிடந்தன. கேக் கடைக்காரி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கேட்டுடறேன். மூணாவது தடவை என்னை ஏன் ஃபெயில் பண்ணீங்க?"

"ஸ்கூலுக்கு முன்னாடி நீங்க வேகத்தைக் குறைக்கல."

"சரி, ரெண்டாவது தடவை?"

"அதே ஸ்கூல்."

"மொதல் தடவை?"

"அதே ஸ்கூல்தான்."

கேக் கடைக்காரி நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்தாள். "அங்க ஸ்கூல் இருக்கா?"

பேங்க்காரரின் மூக்கு வழியாக டீ வந்தது. நர்ஸ் சோபாவிலிருந்து நழுவினாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்த சிவப்பு மைக்கு, அடக்கியது விக்கலாக வந்து, அதுவும் சிரிப்பாகவே உடைந்தது. எதற்கென்று தெரியாமல் குழந்தைகளும் சிரித்தன.

சிரிப்பு ஓய்ந்ததும் நர்ஸ் மேனேஜரைத் தூக்கினாள். அவன் கன்னத்தில் பூனை பிறாண்டினது போலக் கோடுகள். "நகம் என்ன இப்படி வளர்ந்திருக்கு? வெட்டறதில்லையா?"

"அவங்க அப்பா வெட்டுவான். இந்த வாரம் வேலை ஜாஸ்தி."

"நீங்க வெட்ட வேண்டியதுதானே?"

சிவப்பு மை தரையைப் பார்த்தாள். "எனக்குக் கை நடுங்குது. குளிப்பாட்டும்போதும் அப்படித்தான். வழுக்கிடுவானோன்னு பயம். யார்கிட்டயும் சொன்னதில்ல."

யாரும் கிண்டல் செய்யவில்லை. கேக் கடைக்காரி மட்டும், "உங்களுக்கா கை நடுங்குது? உங்க பக்கத்துல உக்காந்தப்போ எனக்கு கியர் எது, குடை எதுன்னே தெரியல" என்றாள். பிறகு நகவெட்டியை வாங்கிக்கொண்டு மேனேஜரை மடியில் போட்டாள். வாய்க்கு வந்த பாட்டைப் பாடிக்கொண்டே ஒரு கையை முடித்தாள். "இந்தாங்க, அடுத்த கை உங்களுது. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். பேச மாட்டேன், சிரிக்க மாட்டேன்."

சிவப்பு மை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுண்டு விரலில் ஆரம்பித்தாள். வியர்த்துக் கொட்டியது. மேனேஜர் அவளை ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் வரவில்லை.

நூலகத்தில் தண்ணீர் வடிந்தும் யாரும் திரும்பிப் போகவில்லை. வாரம் ஒரு வீடு என்று சுற்ற ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு சட்டம்தான்: யாரும் வருவதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யக் கூடாது. செய்தவர்தான் அன்றைய பாத்திரம் முழுவதையும் கழுவ வேண்டும். பேங்க்காரர் ஒரு முறை கூட்டிப் பெருக்கி மாட்டிக்கொண்டார். எவ்வளவோ மழுப்பியும் தரையில் தெரிந்த முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. நர்ஸ் இரவுப் பணி முடித்து வரும் வாரங்களில் அவளை உள்ளறையில் தூங்கப் போட்டுவிட்டு, இரட்டையரை மற்றவர்கள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள்.

ஒரு நாள் கேக் கடைக்காரி குழைந்துகொண்டே வந்தாள். "அக்கா, ரெண்டே ரெண்டு நாள் எனக்கு வண்டி சொல்லிக் குடுங்களேன்."

"முடியாது."

"லீவுலதானே இருக்கீங்க?"

"லீவு எனக்குத்தான். ரூலுக்கு இல்ல. வேணும்னா டெஸ்ட் அன்னிக்கு உன் பொண்ணை நான் பாத்துக்கறேன்."

கேக் கடைக்காரி வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஆனாலும் டெஸ்ட் அன்று குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். சிவப்பு மையின் சக ஊழியர் ஒருவர்தான் அன்று பக்கத்து சீட்டில். மதியம் திரும்பி வந்தவள் செருப்பை ஒரு மூலைக்கும் பையை இன்னொரு மூலைக்கும் எறிந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஸ்கூல் கிட்ட எவ்வளவு அழகா ஸ்லோ பண்ணேன் தெரியுமா! அந்த சந்தோஷத்துல அடுத்த சிக்னலைப் பாக்கல."

"சிவப்பா?"

"சிவப்பேதான்."

இந்த முறை சிவப்பு மைதான் முதலில் சிரித்தாள். கேக் கடைக்காரி தலையணையை எடுத்து அவள் மண்டையில் அடித்தாள். அடித்துவிட்டு அவளும் சிரித்தாள். ஐந்தாவது முறை தேறினாள். அன்று கடையில் விற்காத கேக் முழுவதும் இவர்கள் வயிற்றுக்குள்தான் போனது.

லீவு முடிந்தது. அடுத்த லீவு கணவனுடையது. முதல் நாள் ஆபீஸுக்குப் போனவள் கழிவறையில் கொஞ்சம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள், வண்டியில் ஏறினாள், மத்தியானத்துக்குள் மூன்று பேரை ஃபெயில் செய்தாள். குழந்தை பெற்றால் மனசு இளகும் என்று நம்பியிருந்த ஆபீஸ் வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கணவன் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு குழுவுக்குப் போனான். சாயங்காலம் அவள் பையைக் கூட இறக்காமல் கேட்டாள்.

"இன்னிக்கு என்ன பேசினாங்க?"

"உன்னைப் பத்தித்தான்."

"என்னன்னு?"

"அது வெளிய சொல்லக் கூடாதாம். செவ்வாய்க்கிழமை வர்றவங்களுக்குள்ள மட்டும்தான்."

"நான் ஆரம்பிச்ச கூட்டம்யா அது!"

"தெரியும். அதையும் பேசிச் சிரிச்சோம்" என்று சொல்லிவிட்டு, அவன் மேனேஜருக்குச் சட்டை மாற்றப் போனான். அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "ஏய் கேக்கு," என்று அடித்தொண்டையில் ஆரம்பித்தாள், "மரியாதையா ஒண்ணு விடாம சொல்லு."