என் பின்னால் நடந்த ஆறு நிமிடம்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே தயங்குகிறவன் எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகளுடைய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. பிறவியிலேயே ரத்தத்தில் குறை, சிக்கிள் செல். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் என்று சேலத்து டாக்டர் படம் போட்டுக் காட்டினார். என்னிடமிருந்து பாதி, அவள் அம்மாவிடமிருந்து பாதி வந்ததாம். எங்கள் இருவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அவளுக்குத்தான் கை கால் வலி, காமாலை. பிறகு பித்தப்பையில் கல் சேர்ந்தது. சாப்பிட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் இந்த நோய் நுரையீரலையும் கெடுத்திருக்கலாம், மயக்க மருந்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

மலைமேல் இருக்கிற எங்கள் ஊர் கொட்டச்சேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். சுமார் என்றார்கள். அடுத்தது நடை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆறு நிமிடம், முடிந்தவரை வேகமாக நடக்க வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்க்க விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மகள் நகரவில்லை.

"நீங்களும் வாங்கப்பா," என்றாள்.

நேரம் பார்க்க நின்ற பெண் வேலைக்குப் புதிது. "சரி, கூட நடங்க," என்றுவிட்டாள்.

நான் முன்னால் நடந்தேன். எங்கள் பக்கம் காபிச் செடிகளுக்கு நடுவே ஓராள் போகிற தடம்தான். முன்னால் போகிறவர் பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துப் போவார். பின்னால் வருகிறவர் தாண்டிப் போவதில்லை. மகள் அப்படியே என் பின்னால் வந்தாள். என் வலது முழங்கால் சரியாக மடங்காது. மெதுவாகத்தான் போனேன்.

"ஏனுங்க, டெஸ்ட் உங்களுக்கா, பொண்ணுக்கா?" என்றார் பெஞ்சிலிருந்த ஓர் அம்மா. "பொண்ணழைப்புக்குப் போறாப்பல போறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். நான் தலை நிமிரவில்லை.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "தூரம் கம்மிதான். ஆனா ஆக்சிஜன் இறங்கவே இல்ல, மூச்சும் வாங்கல. இன்னைக்கே சேர்ந்துடுங்க, நாளைக்குக் காலைல ஆபரேஷன்."

வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் வெறுங்கையோடு வந்தாலும் அவள் மூன்று இடத்தில் நிற்பாள். செருப்பு வாரைச் சரி செய்வதுபோல் குனிந்துகொள்வாள்.

"கண்ணு, நான் முன்னால போனதாலதான் உனக்கு மூச்சு வாங்கல."

"தெரியுமுங்கப்பா."

"டாக்டர்கிட்ட சொல்லிரலாம்."

"வேண்டாமுங்கப்பா. சொன்னா தள்ளிப் போட்டுருவாங்க. நொம்ப வலிக்குதுங்க. நாளைக்கு இத்தோட முடியட்டும்."

டாக்டர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மூன்று பேர் உள்ளே போய் வந்தார்கள். படித்தவர் சொல்லிவிட்டதில் குறை சொல்ல நான் யார் என்று ஒரு நினைப்பு. மயக்கத்தில் அவள் மூச்சு நின்றுபோனால் என்று இன்னொன்று. நான்காவது ஆளை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தேன். "தப்பு என்னுதுங்க," என்று ஆரம்பித்து முழங்காலைத்தான் காட்டினேன். டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் திட்டவில்லை.

அரை மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி நடக்கச் சொன்னார்கள். இந்த முறை அவள் தனியாக நடந்தாள். டாக்டரே பக்கத்தில் நின்றார். மூன்றாவது நிமிடம் கிளிப்பில் எண் இறங்கத் தொடங்கியது. நான்காவதில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. நாற்காலி கொண்டுவந்தார்கள். உட்கார்ந்து மூச்சு வாங்கினாளே தவிர, என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் ஆபரேஷன் நடக்கவில்லை. காலை பத்து மணிக்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இதயத்துக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். அவள் பாதி இட்லி சாப்பிட்டாள். என்னோடு பேசவில்லை.