ஹாலிஸின் பின்விசை

அலபாமாவில் எங்கள் பக்கம் ஹாலிஸ் டிட்மோரைத் தெரியாதவர் குறைவு. முப்பத்தொரு வருடம் காகித ஆலைக்கு மரம் ஏற்றிய லாரிக்காரர், என் மனைவியின் அண்ணன். வாய் ஜாஸ்தி. தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாகத் தூங்குவார். வசந்தத்தில் வான்கோழி வேட்டைக்குக் கிளம்பிவிட்டால் மட்டும் ஆளே வேறு. அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

நாலு வருடம் முன்பு கண்ணில் ஆபரேஷன் ஆனது. குறிபார்க்கக் குழல் நுனியில் வைத்திருக்கும் பித்தளை மணி அதற்குப் பிறகு அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த வசந்தத்தில் ஒரு வான்கோழிச் சேவலைக் காயப்படுத்தித் தப்பவிட்டார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா துப்பாக்கியத் தொடமாட்டேன் மாப்ளே," என்றார்.

சிவப்புப் புள்ளிக் கண்ணாடி யோசனை என்னுடையது. துப்பாக்கி மேல் மாட்டிய சின்னக் கண்ணாடிக்குள் ஒரு புள்ளி தெரியும். அது சேவலின் கழுத்தில் நின்றால் போதும். அப்பாவின் துப்பாக்கியில் துளை போடுவதா என்று ஒரு மாதம் எரிந்து விழுந்தார். அப்படியே ஒரு டிவியையும் மாட்டிவிடு, ஆட்டம் பார்க்கலாம் என்று நக்கலடித்தார். கடைசியில் இறங்கி வந்தார்.

துப்பாக்கி திரும்பத் திரும்ப உதைத்தால் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், காகிதத்தில் சுட்டுப் புள்ளியைச் சரிசெய்யும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முப்பது தப்படியில் நாலு வெடி. ரவையெல்லாம் நடுவில் விழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வசந்தத்தின் கடைசி வாரம், ஓக் மரத்தடியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சேவல் முப்பது தப்படிக்குள் வந்து கழுத்தை நீட்டியது. சுட்டார். ஒரு இறக்கை தொங்க, அது சதுப்புக்குள் ஓடி மறைந்தது. மதியம்வரை சேற்றில் தேடினோம், கிடைக்கவில்லை. வீடு திரும்பியதும் துப்பாக்கியை என் வண்டியில் வைத்தார்.

"புள்ளி கழுத்துலதான் நின்னுச்சு மாப்ளே. என் கண்ணு பொய் சொல்லுது. நீயே வச்சுக்கோ."

நாலு நாள் கழித்துத் துப்பாக்கியைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. அந்தத் துப்பாக்கியில் குழலுக்கு ஒன்றாக முன்னும் பின்னும் இரண்டு விசை. வான்கோழிக்கு ஹாலிஸ் எப்போதும் பின்விசையைத்தான் இழுப்பார். அது இடது குழலுக்கானது. ரவையைச் சிதறவிடாத குழல். ஆயுள் முழுக்க ஒற்றைக்குழல் பிடித்த நான், நாலு வெடியையும் முன்விசையில், வலது குழலில் சுட்டிருந்தேன். புதுக் காகிதம் மாட்டிப் பின்விசையை இழுத்தேன். ரவை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. பாவி நான், என்ன காரியம் செய்துவிட்டேன்!

இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கொல்லையில் தூண்டில் கயிற்றின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். காகிதங்களை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பறவைகிட்டப் போயி இதச் சொல்ல முடியுமா?" என்றார். பிறகு, "அப்போ நான் பாத்தது கழுத்தத்தானா?"

"கழுத்தத்தான் மச்சான்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துப்பாக்கியை வாங்கவில்லை. அதற்கப்புறம் மூன்று வசந்தம் போய்விட்டது. சொன்ன சொல்லை மீறவில்லை. தப்பு செய்தவன் நான், காட்டை விட்டவர் அவர்.