சின்ன எழுத்தில் இருந்த வாக்கியம்

கண்டியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நான் சேர்ந்து மூன்றாவது மாதம் அது. பன்விலப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்குப் போகும் பாதையைப் பக்கத்துக் காணிக்காரர் வேலி போட்டு அடைத்திருந்தார். அந்த வழக்கில் தொழிலாளியின் சார்பில் எங்கள் எழுத்துமூலச் சமர்ப்பணத்தை அன்று மூன்று மணிக்குள் நீதிமன்றத்தில் கொடுத்தாக வேண்டும். வழக்குப் பெயர்களைச் சாய்வெழுத்தில் போட்டு, தொகுதி எண், பக்க எண், வரி இடைவெளி எல்லாம் ஒழுங்குபடுத்துவது என் வேலை.

பதினோராம் பந்தியில் முந்தைய தீர்ப்பு ஒன்றின் மேற்கோள் மட்டும் வேறு எழுத்துருவில் நின்றது. ஏதோ பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்குப் போகும் பாதையை யாரும் அடைக்க முடியாது என்ற அந்த வாக்கியத்தை நம்பித்தான் எங்கள் வாதமே இருந்தது.

மூத்த கிளாக்கர் அண்ணனிடம் காட்டினேன்.

"எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரே எழுத்தாக்கிடு தங்கச்சி. பத்து வருசமா இந்த வரி கோர்ட்டுக்குப் போய் வருது. ஒன்னைவிட அதுக்குத்தான் சர்வீஸ் கூட."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சில் வந்ததெல்லாம் சரி என்று நம்பும் வீடு அது. அப்படி நம்புவதற்காக நான் படிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நீதிமன்ற நூலகத்துக்குப் போனேன்.

தொகுதியும் சரி, பக்கமும் சரி, வாக்கியமும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. புத்தகத்தை மூடப் போகும்போதுதான் கவனித்தேன். அந்தப் பகுதி மட்டும் சின்ன எழுத்தில் இருந்தது. பழைய தீர்ப்புத் தொகுதிகளில் சட்டத்தரணியின் வாதத்தைச் சின்ன எழுத்திலும் நீதிபதியின் தீர்ப்பைப் பெரிய எழுத்திலும் அச்சடிப்பார்கள். இரண்டு பக்கம் தள்ளிப் பெரிய எழுத்தில், அந்த வாதத்தை ஏற்க முடியாது என்று நீதிபதி சொல்லியிருந்தார். நாங்கள் தோற்றவரின் பேச்சைத் தீர்ப்பு என்று எழுதி வந்திருக்கிறோம்.

போனில் படம் எடுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பினேன். எதிர்ப்பக்கத்தில் யார் போய்ப் புத்தகத்தைத் திறக்கப் போகிறார்கள் என்றார் அண்ணன்.

"தொறந்தா, அண்ணே? அப்புறம் அந்தப் பாதை தொறக்காது."

எங்கள் சட்டத்தரணி மேடம் படத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"இத மொதல்ல எழுதினது நான்தான்" என்றார். "கம்ப்யூட்டர்ல ஒக்காரு."

அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். அந்தப் பழைய வழக்கில் வாதம் தோற்றதற்குக் காரணம், அங்கே வேறொரு பாதை இருந்ததுதான். எங்கள் நில அளவைப் படத்தில் வேறு பாதையே இல்லை. அதே தீர்ப்பை மறைக்காமல் எடுத்துக் காட்டி, அந்த வேறுபாட்டை எழுதினோம். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணனே பிரதிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நீதிமன்ற முத்திரை குத்திய பிரதியுடன்தான் திரும்பி வந்தார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து, புத்தகத்தில் என் கண்ணால் பார்க்காத எந்த மேற்கோளின் எழுத்துருவையும் நான் மாற்றுவதில்லை. பார்க்கும்வரை அது தாளில் துருத்திக்கொண்டே நிற்கும். அண்ணன் முறைப்பார். முறைத்துவிட்டு, நூலகத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறாய் என்று கேட்பார்.