ஆறாம் காம்பராவின் கதவு

சிவசக்தி இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினொரு வருடம் கொழுந்து பறித்தாள். பிறகு, வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டும் வேலை கிடைத்தது. கிடைத்தது என்பது தப்பு, பிடுங்கிக்கொண்டாள். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் ஹம்ஸியா டீச்சரிடம் இங்கிலீஷ் படித்தாள். கூடை சுமந்த தோளில் புத்தகப் பையா என்று, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயமே சிரித்தது.

"ஆமா, இது கனம் கம்மி" என்றாள்.

டீச்சருக்கு ஒரு பிடிவாதம். "ஒரு சொல்லைத் தனியா படிக்காதீங்க. எதோட சேர்ந்து வருதோ, அதோட படிங்க."

ரிசெம்ப்ளன்ஸ் என்றால் சாயல். ஒன்று இன்னொன்றை உரித்து வைத்திருந்தால் 'பிக்' ரிசெம்ப்ளன்ஸ் அல்ல, 'ஸ்ட்ரைக்கிங் ரிசெம்ப்ளன்ஸ்.' துளியும் ஒத்துப்போகாவிட்டால் 'நோ ரிசெம்ப்ளன்ஸ் வாட்ஸோஎவர்.' மலையேறும்போதெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பாள்.

வேலையில் சேர்ந்ததும் மேற்பார்வையாளர் தயாபரன் ஓர் அட்டை கொடுத்தார். அதிலுள்ளதை மட்டுமே பேசவேண்டும். லயத்தின் முன் சொல்லவேண்டிய வரி: இந்த வீடுகளுக்கும் இங்கிலாந்துக் கிராமத்து வீடுகளுக்கும் ஸ்ட்ரைக்கிங் ரிசெம்ப்ளன்ஸ்.

பாதையோரச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்து, பூச்சட்டி வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் ஆறாவது வீடான ஆறாம் காம்பரா சிவசக்தியுடையது. ஒற்றை அறை, ஐந்து பேர்.

"இங்கிலீஷ் சரிங்க. விஷயந்தான் பொய்."

"உனக்குச் சம்பளம் இங்கிலீஷுக்கு. மாத்திச் சொன்னா அன்னைக்கே வேலை போயிரும்."

மூன்று வாரம் அந்த வரியைச் சொல்லாமல் லயத்தைக் கடந்தாள். நாலாவது வாரம், கொட்டுகிற மழையில், தயாபரன் கூடவே வந்தார். லயத்தின் முன் நின்று, "ம், சொல்லு" என்றார்.

அவள் அட்டையைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"நோ ரிசெம்ப்ளன்ஸ் வாட்ஸோஎவர்" என்றாள், நிறுத்தி, நிதானமாக. ஆறாம் காம்பராவின் கதவைத் தள்ளித் திறந்தாள். பயணிகளில் முதலில் உள்ளே போன வெள்ளைக்காரி மடக்கிய குடையை மறுபடி விரித்தாள். தகரக் கூரையிலிருந்து தண்ணீர் மூன்று இடத்தில் சட்டிகளில் விழுந்துகொண்டிருந்தது.

பயணிகள் போனபின் தயாபரன் அவள் கழுத்தில் தொங்கிய வேலை அடையாள அட்டையைக் கழற்றி வாங்கினார்.

"நாளைலேருந்து இந்தப் பக்கம் உன்னப் பாக்கக் கூடாது."

"அப்ப நீங்கதான் வேற பக்கம் பாக்கணும். இது என் வீட்டு வாசல்ங்க."

மறுநாள் காலை, புதிதாக வந்த பையன் பர்ஹான் பயணிகளை லயத்தின் முன் நிறுத்தி அட்டையை வாசிக்க ஆரம்பித்தான். ஆறாம் காம்பராவின் கதவு அகலத் திறந்திருந்தது. சிவசக்தி படியில் நின்றிருந்தாள்.

"கம் இன்" என்றாள்.