கோவர்த்தனன் காய்ச்சிய மெழுகு

ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால் முதலில் கோவர்த்தனனைத்தான் தேடுவார்கள். மெக்கானிக் படிப்பெல்லாம் இல்லை, வேர்க்கடலை போடுகிற விவசாயிதான். ஆனால் எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும், கழற்றி மாட்டிவிடுவார். கடைசியில் ஒன்றிரண்டு ஸ்க்ரூ மிச்சம் நிற்கும். "இது கம்பினிக்காரன் சும்மா வச்சிகிறான்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மோட்டாரும் ஓடித் தொலைக்கும். அதனால் அவருக்கு ஏறிய தெனாவட்டு கொஞ்சநஞ்சமில்லை.

அவர் மனைவி கிருஷ்ணம்மாவுக்கு முடக்குவாதம். வலது கை விரல்கள் பாதி மடங்கிய வாக்கில் இறுகிவிட்டன. காபி டம்ளரைப் பிடிக்க முடியாது, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வேறு. அந்தக் கை மறுபடி விரிய வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் கோவர்த்தனன் எந்தச் சாமியிடமும் வேறொன்றும் கேட்கவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தது கௌசிகா. திருத்தணியிலிருந்து தினம் ரயிலில் வந்து போகும் பெண். எடுத்ததும் கிருஷ்ணம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, வெந்நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றும் குளிர்ந்த நீர் நிரப்பியது ஒன்றுமாக மாற்றி மாற்றி விரல்களில் வைத்து, "எது சூடும்மா?" என்று கேட்பாள். அப்புறம்தான் சூட்டை அளந்து பார்த்து, தொட்டியில் உருகிக் கிடக்கும் மெழுகில் கையை முக்கி எடுப்பாள். ஏழெட்டு முறை முக்கியதும் கையுறை மாட்டியதுபோல் வெள்ளையாகப் படிந்துவிடும். கால் மணி நேரம் துண்டு சுற்றி வைத்து உரித்தால் விரல்கள் இளகியிருக்கும்.

கோவர்த்தனன் வாசற்படியில் நின்று பார்த்தார். "ஏம்மா, இவ்ளோ சூடா கீது, கை வேகாதா?"

"பாரஃபின் மெழுகு சார். பெட்ரோல் எடுக்கிற கச்சா எண்ணெயிலிருந்துதான் இதுவும் வருது. தண்ணி மாதிரி சூட்டைச் சட்டுனு இறக்காது, மெதுவா விடும். அதனால கை தாங்குது."

"மெழுகுவத்தி கூட இதானே?"

"அதுவும் பாரஃபின்தான்," என்றாள் கௌசிகா, அடுத்த நோயாளியின் சீட்டைப் பார்த்தபடி.

அந்த ஒரு பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. புத்தூரில் பஸ் மாறிப் போய்வருவதற்குள் கிருஷ்ணம்மா ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்துத் துவண்டுபோனாள். ஐந்தாம் முறை வந்து படுத்தவள் ஒரு வாய் சோறு தின்னவில்லை. அவளை இனி அலைக்கழிப்பதில்லை என்று அவர் முடிவு செய்தார். மறுநாளே நாலு டஜன் மெழுகுவர்த்தி வாங்கி வந்து, அலுமினியக் குண்டானில் உருக்கி, திரிகளைப் பொறுக்கி எறிந்தார்.

ஆஸ்பத்திரி மெழுகில் எண்ணெய் கலந்திருக்கும், அது குறைந்த சூட்டிலேயே உருகும். கடை மெழுகுவர்த்தி உருக அதிகச் சூடு வேண்டும். கொதிக்கிற தண்ணீராவது ஆவி விட்டுக் காட்டிக்கொடுக்கும். மெழுகு எவ்வளவு காய்ந்தாலும் தெளிந்த நீர்போல அசையாமல் கிடக்கும். இதொன்றும் அவருக்குத் தெரியாது. தன் விரலை விட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல் அது. "தாங்குதே" என்றார். கண்ணை மூடச் சொல்லும் அந்த விளையாட்டை அவர் வேண்டாமென்று விட்டுவிட்டார்.

"சுடுதா மே?"

"இல்லியே."

"நிஜமா?"

"இல்லய்யா, நீ முக்கு."

எட்டு முறை முக்கினார். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு சந்தோஷமாக அவர் அவள் கையைப் பிடித்ததில்லை. கால் மணி கழித்து உரித்தபோது மெழுகோடு தோலும் வந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை, கையைப் பார்த்த பிறகுதான் கத்தினாள்.

சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. பத்தாம் நாள் அதே திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு விரலை எடுத்தாக வேண்டும் என்று தெலுங்கில் சொன்னார். பிறந்ததிலிருந்து தெலுங்கும் பேசுகிற கோவர்த்தனன், அன்றைக்குப் புரியாதவர்போல நின்றார். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அவரை நாலு வார்த்தை திட்டலாம்தான். அந்த வார்டில் அவர் நின்ற நிலையைப் பார்த்தவர்களுக்குத் திட்ட மனசு வந்திருக்காது.

விஷயம் கேள்விப்பட்டு கௌசிகா ஓடிவந்தாள். "உங்களுக்குச் சூடு சரியா தெரியல, இங்கயே நான் அளந்து அளந்துதான் வைக்கிறேன், வீட்ல வெந்நீர் ஒத்தடம்கூட வேணாம்னு சொன்னேனேம்மா!" என்று அழுதாள். கோவர்த்தனனுக்கு இது புதுச் செய்தி. அவள் போனதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே ஏம்மே சொல்லல?"

கிருஷ்ணம்மா கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"நீ ஆசையா காச்சிக்கினு இருந்தே. சூடு மட்டுமா தெரியல எனுக்கு, ரெண்டு கையிலயும்? பஸ்ல வரசொல்ல என் கையைப் புடிச்சிக்கினே வருவியே, அதுகூடத் தெரியல. கண்ணால பாத்துதான் தெரிஞ்சிக்கினேன். அத உங்கிட்ட எப்படிய்யா சொல்றது?"

சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். அவளுடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கட்டும் என்று அவர் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார்.