பிஸ்கட் டப்பாவில் ஒரு துளை

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தேன். மற்ற பெண்கள் சால்டர் வைத்து அனுப்பும் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து, தேறாததில் சிவப்பு மையால் புள்ளி வைப்பதுதான் என் வேலை. இன்னொருத்தர் செய்த தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது, பக்கத்துப் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை சிஸ்டர் என்னை நிறுத்தினார்.

“நம்ம பிள்ளைங்க அஞ்சு பேரு, அறிவியல் கண்காட்சிக்கு ரோபோ செய்யணும்னு ஒத்தக்கால்ல நிக்குதுங்க. எனக்கு ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் வந்து சொல்லிக் குடுக்கிறியாம்மா?”

நான் ரோபோவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் சிஸ்டரிடம் முடியாது என்று சொல்ல, ஒத்துக்கொள்வதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது. ஒத்துக்கொண்டேன்.

ஐந்து பேரும் ஒன்பதாம் வகுப்பு. “மிஸ், அது பேசுமா? நடக்குமா?” என்று முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். பேசாது, நடக்காது, பந்தை எடுத்து வைக்கிற ஒரு கை மட்டும் செய்யலாம் என்றேன். முகங்கள் வாடிவிட்டன. அந்தக் கைக்கு விரல் எப்படி மடங்கும் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு வாரம் அதையே நினைத்துக்கொண்டு கம்பெனிக்கும் வீட்டுக்கும் போய்வந்தேன். மூன்றாவது சனிக்கிழமை, அயனம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒல்லியான பெண் தன் சைக்கிளை வகுப்பறை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, பிரேக்கை அழுத்திக் காட்டினாள்.

“இங்க இழுத்தா அங்க புடிக்குதில்ல மிஸ்? விரலுக்கும் இதே மாரி ஒயர் வுட்டா இன்னா?”

அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. இவர்கள் என்னைவிட வேகமானவர்கள். எனக்குத் தெரிந்தது எவ்வளவு கொஞ்சம் என்பதை என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

கை மெல்ல உருவானது. இரும்புப் பட்டையில் சட்டம், பழைய லாரியின் வைப்பர் மோட்டார், சைக்கிள் பிரேக் ஒயர்கள். மோட்டாருக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். பேட்டரி வாங்குவதற்குப் பதிலாக, வீட்டு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நானே கட்டினேன். தகர பிஸ்கட் டப்பாவுக்குள் அதைப் பொருத்தி, ஆணியால் துளை போட்டு மெயின் ஒயரை உள்ளே விட்டேன். அந்தத் துளையின் ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பு ஒயரின் மேல்தோலை அறுத்துவிடும். கம்பெனியில் இப்படி ஒன்று என் மேசைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் சிவப்புப் புள்ளி வைத்திருப்பேன். அன்றைக்கு ரப்பர் கைவசம் இல்லை. அடுத்த வாரம் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டப்பாவைக் கையின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கினேன்.

அன்று சனிக்கிழமை. பள்ளி ஆயா அறையை அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். முதல் தடவையாக மோட்டாரை ஓட்டிப் பார்க்கப் போகிறோம். நான் ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் ஓடியது. விரல்கள் மடங்கின. எல்லோரும் கத்தினார்கள். அயனம்பாக்கத்துப் பெண் ஒரு ஒயர் தளர்ந்திருப்பதைப் பார்த்து, அதைச் சரிசெய்யச் சட்டத்தைப் பிடித்தாள்.

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. கை சட்டத்தை விட்டு வரவில்லை. ஐந்து பேரில் மூத்தவள் அவளை இழுக்கப் பாய்ந்தாள்.

“தொடாத!” என்று நான் கத்திய கத்தலில் மூத்தவள் அப்படியே நின்றாள். நான் ஸ்விட்சை அணைத்தேன். மோட்டார் நின்றது. சட்டத்தைப் பிடித்தவளின் கை வரவில்லை. அணைத்த பிறகும் ஏன் விடவில்லை என்று எனக்குப் புரியவில்லை. புரியாமல் நின்ற அந்த ஒரு நொடியில் என் பிள்ளை ஒன்று என் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. ப்ளக்கைப் பிடித்துப் பிடுங்கினேன். அவள் ஈரத் தரையில் சரிந்தாள்.

மூச்சு இருந்தது. கண் திறந்தாள். தண்ணீர் கொடுத்தோம். உள்ளங்கையில் வெள்ளையாக இரண்டு புள்ளிகள்.

“டாக்டர்கிட்ட போலாம், வா.”

“வோணாம் மிஸ். ஒண்ணும் இல்ல. ஊட்ல சொல்லிடாதீங்க மிஸ். எங்க அப்பாக்குத் தெரிஞ்சா அப்பறம் வுடவே மாட்டாரு.”

அவள் அப்பா அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சரி, சொல்லவில்லை என்றேன். அவளுக்காக ஒத்துக்கொண்டதாக அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்காகத்தான். சிஸ்டர் அன்று ஊரில் இல்லை. அவரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்து வெளியே வந்தால் கம்பெனி கேட்டில் அந்த மூத்தவள் யூனிஃபார்மோடு நிற்கிறாள்.

“மிஸ், அவ ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரல. ஏன்னு யாருக்கும் தெரில. எனக்குப் பயமா கீது மிஸ்.”

அயனம்பாக்கத்தில் அந்தப் பெண்ணின் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு, மூத்தவளை அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன். ஷாக் அடித்து எழுந்து நடந்த ஆள் இரண்டு நாள் கழித்து இதயம் நின்று போன கதையை யாரோ கம்பெனியில் சொன்னது நினைவுக்கு வந்தது. நிஜமோ பொய்யோ, பஸ்ஸில் நின்ற நேரம் முழுக்க அது ஒன்றுதான் மனதில். இறங்கி ஏரிக்கரை ஓரமாக நடந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. கடைசித் திருப்பத்தில் மூத்தவள் சொன்ன தெரு தெரிந்தது. ஒரு வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் மடக்கு நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இரண்டு மூன்று பேராக உள்ளே போனார்கள்.

நின்றுவிட்டேன். திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. வெட்கத்தோடு சொல்கிறேன், நான்கைந்து அடி திரும்பியும் நடந்தேன். பிறகு எப்படியோ பந்தல் வரை போய்ச் சேர்ந்தேன். ஒரு அம்மா வெளியே வந்து என்னைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பாக நின்றார்.

“ஸ்கூல் மிஸ்ஸாம்மா? வா, வா. அது சொல்லிகினே இருக்கும். உன் ஸ்டூடண்ட்டு வயசுக்கு வந்துட்டா. ஞாயித்துக்கெயம சாயந்தரம். நாளிக்கித்தான் தண்ணி ஊத்தறோம். இந்தா, மொதல்ல இத்த வாய்ல போடு.”

என் கையில் ஒரு லட்டு. நான் அழ ஆரம்பித்தேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார்.

அப்போதே கிளம்பியிருக்கலாம். பிள்ளை உயிரோடு இருக்கிறது, யாருக்கும் எதுவும் தெரியாது. கொல்லைப்பக்கம் ஓலைத் தடுப்புக்குள் பாயில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும், சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வெளியே வந்தேன். பந்தல் காலைக் கட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இன்னா மிஸ், இம்மாந்தூரம் வந்துகீறீங்க. குந்துங்க.”

“ஒரு விஷயம் சொல்லணும் சார். கொஞ்சம் தனியா.”

தெருமுனைக்குப் போய்ச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். முடித்ததும் கேள்விகளாகக் கேட்டார்.

“எம்மா நேரம் புடிச்சிகினு இருந்துச்சி?”

“மூணு நாலு செகண்ட் இருக்கும்.”

“கால்ல செருப்பு?”

“இல்ல. தரையும் ஈரம்.”

“ஸ்விட்ச ஆஃப் பண்ணியும் வுடலையா?”

“விடல. ப்ளக்கைப் புடுங்கினேன்.”

கண்ணை மூடிக்கொண்டார். “எங்கூடப் பொறந்தவன், கெணத்து மோட்டார்ல இதே மாரி புடிச்சிகினே போய்ட்டான் மிஸ்,” என்றார். “மூணு நாளு ஒரு வார்த்த சொல்லாம இருந்துகீறீங்க. மூணு நாளு.”

“தப்புதான் சார்,” என்றேன்.

“நீங்க போங்க. ஊட்ல நல்ல காரியம். நான் இன்னா பேசுவேன்னு எனக்கே தெரியாது. போங்க.”

அங்கிருந்து நேராக கான்வென்ட்டுக்குப் போய் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். “இனி அந்தப் பிள்ளையோட அப்பா என்ன சொல்றாரோ அதுதான்,” என்றார். அந்த வாரம் கம்பெனியில் யார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் முதலில் கேட் பக்கம்தான் பார்த்தேன். போலீஸ் வந்திருக்கும், அல்லது அதைவிட மோசமான செய்தி வந்திருக்கும் என்றே ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்.

சனிக்கிழமை அவர் பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு டூல் பை. பெண்ணை டாக்டரிடம் காட்டியதாகவும் இதயம் நன்றாக இருப்பதாகவும் சிஸ்டரிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து, துளையின் ஓரத்தில் அறுபட்டிருந்த ஒயரை விரலால் தடவினார்.

“ஒரு ரப்பரு,” என்றார்.

பிறகு சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். வயரிங் செய்த யாரோ, மின்சாரம் வரும் ஒயரில் கொடுக்க வேண்டிய ஸ்விட்சை மற்ற ஒயரில் கொடுத்திருந்தார்கள். அதனால் அணைத்தாலும் டப்பாவுக்கு மின்சாரம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மதியம் முழுக்க நின்று ஒவ்வொரு வகுப்பறையிலும் சோதித்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். கடைசி அறையில்தான் என்னிடம் பேசினார்.

“தீட்டு பதினாறு நாளு முடிஞ்சி பொண்ணு வரும். நான் வோணான்னுதான் சொன்னேன். ரெண்டு நாளு சாப்புடல அது. ஆனா கரண்ட்டு கெடயாது மிஸ். பேட்டரிதான்.”

“சரி சார்.”

“நீங்களும் வரணும்னுது. எனக்கு இஷ்டம் இல்ல. அதுக்குத்தான் இஷ்டம்.”

அப்படித்தான் நான் தொடர்ந்தேன். கண்காட்சியில் ஸ்கூட்டர் பேட்டரியில் எங்கள் கை டென்னிஸ் பந்தை மூன்று தடவைக்கு ஒரு தடவை தூக்கியது. பரிசு இல்லை. நடுவர்கள் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். நான் பின்னால் பேட்டரியின் இணைப்புக் கிளிப்பில் கை வைத்தபடி நாள் முழுக்க நின்றேன். பன்னிரண்டு வோல்ட் ஒருத்தரையும் ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வேறு வேறு பிள்ளைகளோடு ஆறு வருடம் போனேன். எந்தச் சனிக்கிழமையும் பயமில்லாமல் அந்த அறைக்குள் நுழைந்ததில்லை. அவர்கள் வருவதற்கு அரை மணி முன்னால் போய், ஒவ்வொரு இரும்பையும் முதலில் டெஸ்டரால், பிறகு, ஷாக் அடித்தாலும் பிடித்துக்கொள்ளாதபடி, என் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் சீக்கிரமே வந்துவிட்ட ஒரு சின்னப் பெண் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, “என்ன மிஸ் பண்றீங்க?” என்று கேட்டாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வா என்று அவளிடம் சொன்னேன்.