டின் மாறிய வாரம்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகள் ஏறும்போது "மெதுவா", இறங்கும்போது "மெதுவா", சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் "மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே மெதுவா மாமா ஆகிவிட்டார். அந்தப் பெயர் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கும், அவர்களிடமிருந்து தெருவுக்கும் பரவி, கடைசியில் சொந்த மாப்பிள்ளையின் வாயிலும் ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேராக அல்ல, முதுகுக்குப் பின்னால்.

பயந்த சுபாவம். அதை அவர் மறைத்ததும் இல்லை. கேஸை அணைத்துவிட்டுப் படியிறங்கியவர் பாதிப் படியில் நின்று யோசித்து, திரும்ப மேலே ஏறிப் பார்த்துவிட்டு வருவார். பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் இவர் வீட்டு ஜன்னல் சாத்தப்படும். "பல் விளக்குறப்போ பிரஷ் தொண்டைக்குள்ள போயிடுமோன்னு கண்ணாடிய விட்டு கண்ணை எடுக்க மாட்டார்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்தபடியே, கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் பேத்தி வந்து சேர்ந்தாள்.

மகளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு உடம்புக்கு முடியாமல் போய், அதற்குச் சாப்பிட்ட மாத்திரைகளால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் வேலை. தேறியதும் மகள் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பினாள். மனைவி ஓர் அலுவலகக் கேன்டீனில் சமையல் பார்த்தாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதிலிருந்து மாலையில் திரும்ப ஏற்றப் போகும்வரை வீட்டில் இருக்கக்கூடிய ஆள் இவர் ஒருவர்தான்.

"என்னால முடியாதும்மா. என் கைல குடுக்காத. வேற யாரையாவது பாரு" என்று முதலில் கெஞ்சினார்.

"உங்களை விட பத்திரமா யாருப்பா பார்த்துக்குவாங்க? நீங்கதான் எறும்பு போனாலே வழி விட்டு நிக்கிற ஆளாச்சே" என்றாள் மகள்.

பயந்துகொண்டேதான் கற்றுக்கொண்டார். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, புட்டி, மூடி, ரப்பர், அளவுக் கரண்டி எல்லாவற்றையும் அதில் போட்டு எடுப்பார். இடுக்கியால் எடுத்துக் கவிழ்த்து வைக்கும்போது அவர் மூச்சுகூட விடமாட்டார், மூச்சுக்காற்று பட்டுவிடும் என்று. காய்ச்சிய தண்ணீரைக் கோடு பார்த்து ஊற்றி, பவுடரைக் கரண்டியில் அள்ளி, கத்தி முதுகால் தலை தட்டிப் போடுவார். குலுக்கி, குழாயடியில் ஆற்றி, ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் வரிசையாக வைப்பார். கதவுப் பக்கம் வைத்தால் திறந்து மூடும்போது சூடேறிவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கலக்கிய நேரத்தை ஒரு பேப்பர் டேப்பில் எழுதிப் புட்டியில் ஒட்டுவார். பாப்பா குடித்து மிச்சம் வைத்ததை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிடுவார். ராத்திரிக்கு வேண்டியதையும் மாலை வேனை எடுக்கும் முன்பே அவர்தான் கலந்து வைப்பார். மகள் வந்து வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தால் போதும். ஆக, பாப்பாவின் வயிற்றுக்குள் போனதெல்லாம் அவர் கை கலந்ததுதான்.

ஒரு வாரம் வழக்கமான டின் கடையில் கிடைக்கவில்லை. மகள் வேறு கம்பெனி டின் வாங்கி வந்தாள். மெதுவா மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது டின், புது ருசி, ஒத்துக்கொள்ளுமோ கொள்ளாதோ? மேலே ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாய்விட்டு மூன்று தடவை படித்தார். பழைய டின்னில் ஒரு அவுன்ஸ் தண்ணீருக்கு ஒரு கரண்டி. இதில் இரண்டு அவுன்ஸுக்கு ஒரு கரண்டி. சரி, மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனப்பாடம் செய்துகொண்டார்.

பவுடரின் மேலே கரண்டி எதுவும் தெரியவில்லை. இருந்தால் மட்டும் என்ன? யார் யார் கை பட்டதோ. தான் கொதிக்கவைத்து ஆணியில் மாட்டியிருந்த பழைய கரண்டிதான் சுத்தம் என்று அதையே எடுத்து அள்ளினார்.

முதல் இரண்டு நாள் பாப்பா புட்டியை உறிஞ்சித் தள்ளினாள். முடிந்ததும் இன்னும் வேண்டும் என்று அழுதாள். "புது பவுடர் ருசி புடிச்சுப் போச்சு" என்றாள் மனைவி. துணி மாற்றி மாளவில்லை, அவ்வளவு ஈரம். அப்புறம் அழுகை குறைந்தது. கண்ணுக்குக் கீழேயும் கன்னத்திலும் கொஞ்சம் உப்பலாக இருந்தது. "பாருங்க, கன்னம் வச்சிட்டா என் தங்கம்" என்று மனைவி சந்தோஷப்பட்டாள். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழந்தை சமத்தாகத் தூங்குவதைப் பார்த்து, அவள் வந்த நாளிலிருந்து முதல் முறையாக அவர் பேப்பரில் விளையாட்டுப் பக்கம் வரைக்கும் படித்தார்.

மறுநாள் முற்பகலில் பாப்பாவைப் பாலுக்கு எழுப்பினார். எழுந்திருக்கவில்லை. உள்ளங்காலைச் சுரண்டினார். முகத்தைச் சுளித்துவிட்டு அப்படியே கிடந்தாள். கால் ஜில்லென்று இருந்தது. புட்டியை வாயில் வைத்தபோது இரண்டு முறை சப்பிவிட்டு விட்டுவிட்டாள். பால் கடைவாயில் வழிந்தது.

அவர் கடைக்குப் போன் செய்தார். மகள் எடுக்கும்போதே பின்னால் யாரோ, "எழுத்து தெரியலையே" என்று சொல்வது கேட்டது.

"அம்மாடி, பாப்பா எழுந்திருக்க மாட்டேங்குது."

"தூங்குறாப்பா."

"கால் ஜில்லுனு இருக்கும்மா."

"போர்த்தி விடுங்க. அப்பா, போன வாரம் வாயில நுரைன்னு போன் பண்ணீங்க, அது எச்சில். அதுக்கு முன்னாடி தலை துடிக்குதுன்னு பண்ணீங்க, எல்லாக் குழந்தைக்கும் உச்சி துடிக்கும். இங்க கஸ்டமர் கண்ணுல லென்ஸ் மாட்டிட்டு உட்கார்ந்திருக்கார். தூங்குற குழந்தைய தூங்க விடுங்க."

மனைவிக்குப் போட்டார். கேன்டீனில் பாத்திரங்கள் உருளும் சத்தத்துக்கு நடுவே அவள், "நீங்க மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க" என்று வைத்துவிட்டாள்.

தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார். அவர்கள் பேரில் அவருக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொன்னது உண்மைதான். இருபது தடவை பயந்ததில் இருபதும் வெறும் பயமாகத்தான் முடிந்திருந்தது. இதுவும் அப்படித்தானா, இல்லையா? தன் நெஞ்சு அடித்துக்கொள்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது பல்லி கத்தினாலும் இதே மாதிரிதான் அடித்துக்கொள்ளும். யாரும் நம்பாததைவிட, தன்னைத் தானே நம்ப முடியாததுதான் அவரை அந்த நேரத்தில் உலுக்கிப்போட்டது.

ஃபிரிட்ஜில் வைத்த பால் பிடிக்கவில்லையோ என்னவோ, புதிதாகக் கலந்து பார்ப்போம் என்று டின்னைத் திறந்தார். பவுடர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பழைய கரண்டியை உள்ளே விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. விரலால் இழுத்தார். பவுடர் அப்பிய இன்னொரு கரண்டி வந்தது. அந்த டின்னுக்கென்றே உள்ளே போட்டிருந்த கரண்டி. ஆழத்தில் புதைந்து கிடந்திருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். புதியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இரண்டு அவுன்ஸுக்கு ஒரு கரண்டி என்று தாளில் போட்டிருந்தது இந்தப் பெரிய கரண்டியை. அவர் அள்ளிப் போட்டது சின்னதை. இத்தனை நாளும் பாப்பா குடித்தது பாதிப் பால், பாதி வெறும் தண்ணீர். ராவும் பகலும், அழும்போதெல்லாம், புட்டி புட்டியாக.

இதற்கு முன்னால் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. திரும்பிப் பார்த்தார். தொட்டிலில் பாப்பாவின் வலது கை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடியும் துடித்தது.

இரண்டு கரண்டிகளையும் சட்டைப் பையில் போட்டார், டின்னைக் கக்கத்தில் இடுக்கினார், பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வேன் வாசலில் நின்றது. ஆனால் குழந்தையை யார் மடியில் வைத்து ஓட்டுவது? கீழ்த்தளத்தில் பியூட்டி பார்லர் நடத்தும் அம்மா ஒருவர் ஒரு பெண்ணின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவை இவர் முழங்கையால் இடித்தார். வாய் மட்டும் திறந்து மூடியது.

பார்லர் அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சாயத்தோடு நாற்காலியில் இருந்தவளிடம், "நீயே கழுவிக்கோடி" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தார்.

எப்படி ஓட்டினார் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. பார்லர் அம்மாதான் பிற்பாடு சொன்னார்: "ஆரன்ல வச்ச கைய எடுக்கவே இல்ல. சிக்னல்ல நின்னாரு, அப்பவும் எடுக்கல. முன்னாடி நின்ன பஸ்காரன் இறங்கி வந்து திட்ட வாயத் திறந்தவன், இவர் முகத்தப் பார்த்துட்டு அவனே போய் பஸ்ஸ ஓரங்கட்டுனான்."

மருத்துவமனையில் பாப்பாவை மேசையில் கிடத்தியதும் உடம்பு முழுக்க ஒருதரம் விறைத்தது. கண் மேலே செருகியது. நர்ஸுகள் ஓடி வந்தார்கள். யாரோ அவரை வெளியே போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. டாக்டரம்மாவின் முன்னால் இரண்டு கரண்டிகளையும் நீட்டினார்.

"நான்தாம்மா. பெரிய கரண்டில போட வேண்டியத சின்னதுல போட்டுட்டேன். பாதிதான் போட்டிருக்கேன். இந்த டின்னு தொறந்த நாள்லேர்ந்து."

சொல்லும் முன் ஒரு கணம், ஒரே கணம், சட்டைப் பைக்குள் இருந்த கையை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றும் தோன்றியது. சொன்னால் மகள் இனி முகத்தில் விழிப்பாளா? ஆனால் குழந்தையின் கண் செருகியதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

டாக்டரம்மா கரண்டிகளை வாங்கிப் பார்த்தார். நர்ஸிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். "தண்ணி அதிகமாகி உடம்புல உப்பு ரொம்ப இறங்கிடுச்சு. அதான் வலிப்பு. மெல்ல மெல்லத்தான் ஏத்தணும், சட்டுனு ஏத்தக் கூடாது. வெளில உட்காருங்க" என்றார். அந்த "மெல்ல" என்ற சொல்லைக் கேட்டு வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு எரிச்சல் வந்தது.

பார்லர் அம்மா போன் செய்து சொல்ல, மகள் வந்தாள். கடைச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு. அவர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

"எத்தனை தடவைப்பா படிச்சீங்க அந்த டின்னை?"

"மூணு தடவம்மா."

அவள் தள்ளிப் போய், நீண்ட பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். மனைவி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நேரே சுவரைப் பார்த்தாள். மாலைப் பள்ளிக்கூடச் சுற்றுக்கு வேறொரு வேன்காரரை அவள்தான் ஏற்பாடு செய்தாள். அன்று மெதுவா மாமாவுக்குத் தன் வேனில் வரும் பிள்ளைகள் நினைவுக்கு வரவேயில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மகள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க போன் பண்ணப்போ, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னன்னு கேட்டிருக்கலாம். லென்ஸ் மாட்டிட்டு இருக்கேன்னு சொன்னேன் பாருங்க. அந்த ஆளுக்கு பொடி எழுத்து படிக்க முடியலையாம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அது அழுகையாகத்தான் வந்தது. அவர் அவள் தலையில் கை வைத்தார்.

இரண்டு இரவுகள் அந்தப் பெஞ்சில் கழிந்தன. உள்ளே கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து ஒன்றாக உட்கார்ந்தார்கள். அதன்பின் ஒரு காலையில் உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. வார்டே எழுந்துவிடும்படியான, தொண்டை கிழிகிற அழுகை. கதவைத் திறந்த ஆயாம்மா, "உங்க வீட்டுதா? காது போகுது. பசிக்குதாம், வந்து குடுங்க" என்றாள். பயத்தில்கூட அழாத மனிதர் அந்த ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அவள் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

வலிப்பு மறுபடி வரவில்லை. தலைக்குள் எதுவும் பாதிப்பு இல்லை என்று பிறகு பல தடவை பார்த்துச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பல் கரை தொட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் போனில் முழுக்கக் கேட்டுவிட்டு, "மாமா கிட்ட குடு" என்றார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொன்னதில்லை.

மெதுவா மாமா அதற்குப் பிறகு புட்டியைத் தொட மறுத்தார். மகள் விடவில்லை. விடுப்பு எடுத்து ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். தினமும் அவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, "நீங்க போடுங்க, நான் எண்ணுறேன்" என்றாள். முதல் நாள் பாதி பவுடர் மேடையில் சிந்தியது. அடுத்த நாள் கொஞ்சம் குறைவாகச் சிந்தியது. பழைய டின் காலியானால் அதன் கரண்டியையும் டின்னோடு சேர்த்து எறிந்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று. அவர் போன் செய்தால் மகள் இப்போதெல்லாம் முதலில், "என்ன பார்த்தீங்கப்பா, சொல்லுங்க" என்கிறாள். பெரும்பாலும் அது எச்சிலாகத்தான் இருக்கிறது.

போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா பாப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ம், எடை நல்லா ஏறியிருக்கு. இனிமே பாலோட, மசிச்சு கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாவும் குடுக்கலாம்" என்றார்.

மெதுவா மாமாவின் முகம் வெளுத்தது.

"கெட்டியாவா? தொண்டைல அடைச்சுக்கிட்டா?"